மாமன் கொண்டுவந்த கோடி

என் படத்துக்கு மாலை போட்டுச் சூடம் கொளுத்தியிருந்ததை நான் பார்த்தது, கம்பெனிக்குப் போகிற வழியில், நல்ல வெயில் ஏறிய காலை நேரத்தில். கையில் சோற்றுப் போசி, தலையில் கனகாம்பரம். எங்கள் லைன் வீடுகளுக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவில் ஒரு பொதுக் குழாய் இருந்தது. குழாயை ஒட்டிய சுவரில், மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளை பனியன் துணியில், கறுப்பு மையில் என் முகம். நிஜ முகத்தைவிட நாலு மடங்கு பெரிசு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுத்து. கீழே ஒரு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் பயம் வரவில்லை. பொட்டு கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. பொங்கலன்றைக்குக் கண்ணாடி பார்க்காமல் அவசரத்தில் வைத்த பொட்டு அது. அதைப் பார்த்த பிறகுதான் அது நான்தான் என்பது உறைத்தது.

படத்துக்கு முன்னால் பிரிண்டிங் பட்டறை ஆட்கள் சிலர் மொட்டைத் தலையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன் தற்செயலாகத் திரும்பினான். என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். சாக்கடைப் பக்கம் ஒதுங்கி எனக்கு வழி விட்டான். தினமும் அதே இடத்தில் நின்று சீட்டியடிக்கிறவன் அவன்.

விஷயம் இதுதான். அந்த வாரம் ஒரு நடிகை செத்துப்போயிருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போகிற நடிகை. கதை எதுவாக இருந்தாலும் சரி, இடைவேளைக்குப் பின்னால் அவர் வந்து ஆடினால்தான் எங்கள் ஊர்த் தியேட்டரில் டிக்கெட் கிழியும். மஞ்சள் காமாலை முற்றிப் போய்விட்டது என்று பேப்பரில் போட்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை வாங்கிக்கொள்ள அவர் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் அதே பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தான்.

எனக்கு அந்த நடிகையின் ஜாடை. நானாகச் சொல்லிக்கொண்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓவர்லாக் மெஷின் அக்காதான் முதலில் சொன்னார். செக்கிங் மேஜையில் பனியனை உள்ளும் புறமும் புரட்டி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தவர், அந்தப் புள்ளையாட்டவே இருக்கறயே என்றார். அதோடு போச்சு. டீ கொண்டு வருகிறவன் முதல் சூப்பர்வைசர் வரை நடிகையின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் அம்மாவுக்கோ அந்தப் பெயர் காதில் விழுந்தாலே ஆகாது. மூலனூர் பக்கத்திலிருந்து, அப்பா போன பிறகு, மானத்தோடு பிழைக்கலாம் என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவள் அவள். ஆட்டக்காரி பெயர் சொல்லி மகளைக் கூப்பிட்டால் பொறுப்பாளா?

ஓவர்லாக் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் விட்டுவிட்டுப் போனவர். கம்பெனியில் ஆண்பிள்ளைகளே அவரிடம் பேச யோசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார். நடிகையின் பாட்டு வந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் குனிந்து மடியில் எதையோ தேடுவார்கள், சிலர் முறுக்கு வாங்க வெளியே போய்விடுவார்கள். ஆண்கள் பக்கம் விசில் காதைக் கிழிக்கும். அக்கா மட்டும் இமை கொட்டாமல் பார்ப்பார். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன்.

“எல்லாருந்தான் பாக்கறாங்க கண்ணு. ஒருத்தராச்சும் அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்கறாங்களா?” என்றார்.

அது எவ்வளவு உண்மை என்பது எனக்கு அந்தக் குழாயடியில்தான் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இது அவள் இல்லை என்று தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரிண்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே தலைவர் மாதிரி இருந்தவரைப் பிரிண்டிங் அண்ணன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ரசிகர் மன்றத்துக்கும் அவர்தான் எல்லாம். அவருக்கு மட்டும் தெரியும், அவர் தெரிந்தே செய்ததுதான் அது. நான் சண்டை போடத்தான் போனேன். ஆனால் மொட்டைத் தலையும் வீங்கின கண்ணுமாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

அஞ்சலிக்குப் படம் வைக்க முடிவு செய்து, வைத்திருந்த போஸ்டர், காலண்டர், புத்தகத்தில் வெட்டின படம் என்று எல்லாவற்றையும் மன்றத்தில் பரப்பிப் பார்த்தார்களாம். நூற்றுக்கணக்கில் படம் இருந்ததாம். மாலை போடுகிற மாதிரி ஒன்றுகூட இல்லையாம். தோளை மறைத்து ஒரு சேலை கட்டின படம் இல்லை. முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாலும் அது கண்ணடிக்கிற முகமாகத்தான் இருந்ததாம். குழாயடி பெண்டு பிள்ளைகள் புழங்குகிற இடம், பக்கத்தில் மாரியம்மன் கோயில் வேறு, இந்தக் கோலத்தில் வைத்தால் கிழித்துப் போட்டுவிடுவோம் என்று கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இவர் ஒரு படத்தின் மேல் மையால் சேலை வரைந்து பார்த்திருக்கிறார். அது சவத்துக்குத் துணி போர்த்தின மாதிரி வந்ததாம். அப்புறம்தான் கம்பெனிப் பொங்கலுக்கு எடுத்த கும்பல் போட்டோ ஞாபகம் வந்திருக்கிறது. அதில் நான் பட்டுச்சேலை மாதிரி ஒன்று கட்டி, தலை நிறையப் பூவோடு, முன்வரிசையில் நிற்கிறேன். ஸ்டுடியோவில் கொடுத்து என் தலையை மட்டும் பெரிசாக்கி, பிலிம் எடுத்து, துணியில் படம் அச்சடிக்கிற ஸ்கிரீனாகப் போட்டுவிட்டார். வெறும் கறுப்பு வெள்ளையில் கண், மூக்கு, பொட்டு, பூ என்று நிழலாக விழுந்ததும் அவருக்கே அது அவள்தான் என்று பட்டுவிட்டதாம்.

செத்தவர் பெயரையாவது போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சிக்குப் பேரு எதுக்குங்க அம்மிணி?” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார்.

அம்மாவுக்குச் சாயங்காலம் தெரிந்தது. தண்ணிக்குப் போனவள் வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து, வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அன்றையிலிருந்து தினமும் காலையில் அதுதான் முதல் வேலை. பல் விளக்குவதற்கு முன்னால் வாசலில் நிற்க வேண்டும், இமையை இழுப்பாள், நாக்கை நீட்டச் சொல்வாள், நகத்தைப் பார்ப்பாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வாயில் ஊற்றுவாள். உயிரோடு இருக்கிற பெண்ணின் படத்துக்கு விளக்கு வைத்து அழுதால், அந்த அழுகை ஆளைத் தேடிக்கொண்டு வராமல் இருக்காது என்று அவள் நம்பினாள். நம்பினாள் என்ன, பாதி நானும் நம்பினேன்.

படத்தை எடுக்கச் சொல்லி அம்மா பிரிண்டிங் அண்ணனிடம் போய்க் கும்பிட்டாள். அவர் பதறிப்போய், காரியம் முடியும் வரை முடியாதுங்க என்றார். செத்தவருக்கு ஏற்றின விளக்கைக் காரியத்துக்கு முன்னால் அமர்த்தினால் அது ஏற்றினவர்களுக்கும் ஆகாது, படத்தில் இருக்கிறவர்களுக்கும் ஆகாது. படத்தில் இருக்கிறவர்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, கம்பெனி லீவு நாளில் காரியம் வைத்திருந்தார்கள். அதுவரை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆகிவிட்டது. என் அம்மாவே எண்ணெய் ஊற்றினாள். மகள் படத்துக்குப் பெற்றவள் கையாலேயே எண்ணெய்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் தோலில் ஏதோ ஊர்கிறது. செக்கிங் மேஜையில் என் பக்கத்தில் உட்கார்கிற பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். கத்தரிக்கோலை வாங்கும்போது ஒருத்தி என் விரலைத் தொட்டுவிட்டு, சூடாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு நொடி விடாமல் பிடித்துக்கொண்டாள். நடிகையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் என் பெயரும் அவர்கள் வாயில் வரவில்லை. இந்தாம்மா, ஏனுங்க என்று பொதுவாகவே கூப்பிட்டார்கள். வழியில் ஆண்கள் தலையைக் குனிந்தார்கள். முகம் தெரியாத ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பிடித்தும் இருந்தது. நாலு வருஷமாக அந்தச் சந்தில் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் நிம்மதியாக நடந்ததில்லை. இப்போது ராணி மாதிரி போனேன். மரியாதை வேண்டுமென்றால் பெண் செத்துத் தொலைய வேண்டும் போலிருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் பனியனும் வந்துவிட்டது. ஏற்றுமதியில் கழித்துவிட்ட செகண்ட்ஸ் பனியன்களை வாங்கி, அதே படத்தைச் சின்னதாக்கி இன்னொரு ஸ்கிரீன் போட்டு, நெஞ்சில் என் முகத்தையும் கண்ணீர் அஞ்சலியையும் அடித்து மன்றத்து ஆட்கள் போட்டுக்கொண்டார்கள். லாரி ஏறுகிறவன், பஸ்ஸில் தொங்குகிறவன், டீக்கடையில் நிற்கிறவன் எல்லாம் என்னை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தான். வியர்வையில் என் கன்னம் நனைந்திருக்கும். மூச்சு விட்டால் நான் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து லைனுக்குள் நுழைகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் தம் பனியனைத் துவைத்துக் கொடியில் தலைகீழாகப் போட்டிருக்கிறார். என் முகம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிக்கிறது. காற்றில் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அதற்குப் பிறகு பூ வைப்பதை விட்டுவிட்டேன். கண்ணாடியும் பார்ப்பதில்லை. சோறு மண்ணாகத் தெரிந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

காரியத்தன்று காலை, ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க ஏறின பஞ்சுத் தூசி போக அன்றைக்குத்தான் தலைக்குத் தண்ணி வார்ப்பேன். வார்த்துவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே நிற்கிறேன். வாசலில் பெண்கள் அழுகிற சத்தம். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் தெருமுனையிலேயே எடுக்கிற அழுகை, அது தனியாகத் தெரியும். யாரோ வழி தப்பி எங்கள் லைனுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

மூலனூர் மாமா நின்றுகொண்டிருந்தார். என் அம்மாவின் அண்ணன். பின்னால் அத்தை, இன்னும் உறவுப் பெண்கள் சிலர். ஈர முடியோடு என்னைப் பார்த்ததும் அத்தையின் அழுகை பாதியில் நின்றது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கிட்டே வரவில்லை. மாமா மட்டும் ஒரு அடி எடுத்து வைத்தார்.

“கண்ணு, நீதானா?” என்றார். குரல் அவருடையதாக இல்லை.

நான்தாங்க மாமா என்றேன். என் குரலும் எனக்கு யாருடையதோ போலத்தான் கேட்டது.

முந்தின நாள் மூலனூர்ச் சந்தையில் மாமா முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். திருப்பூரிலிருந்து வந்த லாரிக்காரன் நெஞ்சில் தங்கச்சி மகள் முகம், மேலே கண்ணீர் அஞ்சலி. கட்டை இறக்கி வைத்துவிட்டு, இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுங்க என்று கேட்டிருக்கிறார். காமாலைங்க, பாவம், சின்ன வயசு என்று லாரிக்காரன் உண்மையைத்தான் சொன்னான். வேறென்ன கேட்க இருக்கிறது? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே என்று தங்கச்சி மேல் ஆத்திரத்தோடு, இருக்கிற உறவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறிவிட்டார். குண்டடம் தாண்டும்போதே அத்தை அழ ஆரம்பித்து, பஸ்ஸே அழுததாம்.

விஷயம் தெளிந்ததும் எல்லோரும் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள், அத்தை என் முகத்தை வழித்து நெட்டி முறித்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் காபி கொடுத்தார்கள். சிரிப்புகூட வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மாமாவின் கக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே காகிதத்தில் சுற்றின ஒரு புதுச் சேலை இருந்தது. அப்போதுதான் மாமாவும் அதைப் பார்த்தார்.

அது கோடி. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண் செத்தால் தாய்மாமன்தான் கோடிச் சேலை கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். சாவுக்கென்று எடுத்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அந்த வீட்டில் ஒருவரைக் கேட்கும். இங்கேயே விட்டுவிட்டுப் போனால் இங்கே கேட்கும். தூக்கி எறியவும் கூடாது, தானம் கொடுத்தால் வாங்குகிறவர்கள் இல்லை. யாரையாவது போர்த்தித்தான் ஆக வேண்டும்.

“எம்பட புள்ள பேரச் சொல்லி எடுத்த கோடிங்ணா அது,” என்றாள் அம்மா. “வாசப்படி மிதிச்சிருச்சு. இனி எடுத்துக்காமப் போகுமா?”

மாமா பெரிய மீசைக்காரர். அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். என் மேல் உயிர் அவருக்கு. ஆசையாகத் தேடித்தான் எடுத்திருக்கிறார், அரக்குச் சிவப்பில், கரை வைத்து. உயிரோடு இருக்கும்போது கட்டியிருந்தால் எனக்கு அழகாக இருந்திருக்கும். எனக்கு உடம்பு கொதித்தது. கண்ணுக்குள் மஞ்சளாக ஏதோ படர்கிற மாதிரி இருந்தது. சாகப் போகிறேன் என்று நான் நிச்சயமாக நினைத்தது என் ஆயுளில் அந்த ஒரு காலையில்தான்.

அதே லைனில் குடியிருந்த ஓவர்லாக் அக்கா சத்தம் கேட்டு வந்து, கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மாமாவைப் பார்த்துப் பேசினார்.

“ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஆருங்க கோடி கொண்டாந்தாங்க? பொறந்த ஊட்டுல இருந்து ஒரு நாதி வல்லீன்னு பேப்பர்லயே போட்டிருக்குது. அதுக்கு வந்த கோடிதானுங்க இது. நீங்க மாமனா நின்னு போத்திட்டுப் போங்க.”

மாமா நிமிர்ந்தார். அம்மா விடவில்லை. போர்த்துவது யார் முகத்தின் மேல்? என் மகள் முகத்தின் மேல்தானே என்றாள். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

“இவளே போத்தட்டும். செத்தவ எந்திரிச்சு வந்து தனக்குத்தானே கோடி போத்திக்கிறது எங்கயாச்சும் உண்டுங்களா? இவ கை பட்டுருச்சுன்னா அது இவ இல்லீன்னு ஆயிரும்.”

அது சரியா தப்பா என்று சொல்ல அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. கிளம்பிப் போனோம். மாமா முன்னால், கோடியைத் தலையில் வைத்துக்கொண்டு. பின்னால் விரித்த முடியோடு நான். உச்சி வெயில். குழாயடியில் இலை போட்டுப் படையல் வைத்து, மொட்டைத் தலைக்காரர்கள் எல்லோரும் நெஞ்சில் என் முகத்தோடு வரிசையாக நின்றார்கள். தாய்மாமன் கோடி கொண்டுவந்திருக்கிறார் என்று அக்கா சொன்னதும் அவர்கள் விலகி வழி விட்டார்கள். யார் மாமன், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரிண்டிங் அண்ணன் மட்டும் தரையில் விழுந்து மாமாவைக் கும்பிட்டார்.

மாமா கோடியை என் கையில் கொடுத்தார். படத்துக்கு நேராகப் போய் நின்றேன். அவ்வளவு கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. கிட்டத்தில் பார்த்தால் முகம் இல்லை, வெறும் கறுப்புத் திட்டுகள். சேலையை விரித்து மேலே போர்த்தும்போது என் விரல் படத்தின் கண்ணில் பட்டது. ஈரமாக இருந்தது. மை சரியாகச் சூடு காட்டிக் காயவைக்காதது, வெயிலில் இளகியிருக்கிறது, அவ்வளவுதான். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, படம் அழுகிறது என்பது மட்டும்தான். விரலில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

அப்போது அக்கா அழ ஆரம்பித்தார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து என்னை இழுத்து உட்காரவைத்து, தோளில் கையைப் போட்டு, சாவு வீட்டில் அழுகிற மாதிரியே அழுதார். அத்தை ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார். எழவுக்கென்று கிளம்பி வந்தவர்கள், அழாமல் திரும்ப மனசு கேட்கவில்லை. பிறகு லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டு வந்தால் மடியைத் தேடினவர்கள், முறுக்கு வாங்கப் போனவர்கள், செக்கிங் மேஜையில் தள்ளி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வந்து வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தனை பேருக்கும் அந்த நடிகையைப் பிடித்திருந்திருக்கிறது. ஆடை பற்றி, ஆட்டம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெற்றவள் பார்க்கவில்லையே, பிறந்த வீடு வரவில்லையே, பசித்தபோது சோறு யார் போட்டார்களோ என்றுதான் சொல்லி அழுதார்கள். அழுதுகொண்டே நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள், பார்த்ததும் அழுகை கூடும். நானும் அழுதேன். அவளுக்காகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் எங்கேயோ எனக்காக அழ ஆரம்பித்துவிட்டேன். என் சாவுக்கு யார் யார் எப்படி அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் அது வாய்க்காது, வாய்க்கவும் வேண்டாம்.

பொழுது சாய்வதற்குள் விளக்கு தானாகவே அமர்ந்தது. படத்தையும் கோடியையும் நொய்யலில் விட்டுவிட்டதாகப் பிரிண்டிங் அண்ணன் அம்மாவிடம் வந்து சொன்னார். எனக்குக் காய்ச்சல் விட்டது. காமாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விரல் கறுப்பு மட்டும் சீக்கிரத்தில் போகவில்லை.

அம்மா அதற்குப் பிறகு என்னைப் போட்டோ எடுக்க விடவில்லை. கம்பெனிப் பொங்கல் போட்டோவை ஸ்டுடியோவிலிருந்து வாங்கி அடுப்பில் போட்டாள். என் கல்யாணத்துக்குப் போட்டோக்காரன் வந்து, அம்மா போட்ட சத்தத்தில் படம் எடுக்காமல் சாப்பிட்டுவிட்டு மட்டும் போனான். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அதில் ஒன்றும் குறையாகப் படவில்லை. உயிர் இருக்கிறது, படம் எதற்கு?

தொண்ணூறுகள் முடிகிற நேரம். நாங்கள் முதலிபாளையம் பக்கம் குடிவந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஓவர்லாக் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, மெஷினை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வரலாமென்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது வளர்கிற வயது. அக்கா ஒற்றை அறையில் இருந்தார். உள்ளே நுழைந்து கண் இருட்டுக்குப் பழகியதும், எதிர்ச் சுவரில் அது இருந்தது. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு. துணி மஞ்சள் பூத்திருந்தது. முகம் அப்படியே இருந்தது. கோணல் பொட்டு, தலை நிறையப் பூ. கீழே ஒரு மணையில் அந்த அரக்குச் சேலை, மடிப்புக் கலையாமல். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆற்றில் விட்டதாகச் சொன்னார்களே என்றேன். ஆத்துல உட மனசு வல்லீங்க கண்ணு, பிரிண்டிங் அண்ணங்கிட்டக் கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டேன் என்றார் அக்கா. வருஷா வருஷம் படையல் போடுகிறாராம். அந்தப் படத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். வீட்டில் என் சின்ன வயசுப் படம் ஒன்றுகூட இல்லை, பிள்ளைகளுக்குக் காட்டக்கூட இல்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது, ஆனால் அடையாளம் தேடுகிற பார்வையும் இருந்தது.

“அது நீ இல்லீங்க கண்ணு,” என்றார். “உங்கையாலதான கோடி போத்துன?”

மகள் படத்துக்குக் கிட்டே போய் நின்றிருந்தாள். யாரும்மா இது என்று கேட்டாள். ஒரு நடிகைங்க சாமி, சின்ன வயசுலயே செத்துப் போயிட்டா என்று அக்கா சொன்னார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது தெரிந்துவிடும் என்று காத்துக்கொண்டு நின்றேன். தெரிய வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

“அழகா இருந்திருக்காங்கம்மா,” என்றாள். சொல்லிவிட்டு, படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தடுக்க வாயெடுப்பதற்குள் கண்ணை மூடிவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், விளக்கு வைப்பதற்கு முன்னால், வாசல் வெளிச்சத்தில் நின்று என் கீழ் இமையை நானே விரலால் இழுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.